ஹீட் ஏறும் கார்: எப்போது ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

கொழும்பில் காரின் ஹீட் முள் மேலே போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஓரமாக நிறுத்தி, பக்கத்துக் கடையில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றி, ஆறியதும் ஓட்டிக்கொண்டு போவோம். அடுத்த வாரம் மறுபடி ஏறும். கராஜுக்குக் கொண்டுபோனால் ரேடியேற்றரை மாற்றச் சொல்வார்கள், இல்லையென்றால் தெர்மோஸ்டற்றை (எஞ்சின் சூடான பிறகு ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கழற்றிவிடுவார்கள், அதுவும் இல்லையென்றால் ஃபேன் ஓயாமல் சுழலும்படி டிரெக்ட் ஆக்கிவிடுவார்கள். காரணம் பார்க்காமல் செய்த வேலை என்பதால் சில வண்டிகளுக்குச் சரிவரும், பல வண்டிகளுக்குக் காசு மட்டும் போகும்.

காசைவிடப் பெரிய பயம் எஞ்சின்தான். இன்றைய கார்களில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒரே ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலும் வளைந்துவிடலாம். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் ஹெட்டின் அடிப்பக்கம் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருந்தால் அப்படியே பூட்டக்கூடாது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்குத் திறந்தது. அதனால் நம் தெருக்களில் ஓடுகிற கார்களில் பெரும்பங்கு வயதானவை. அவற்றின் ஹோஸ், பிளாஸ்டிக் தாங்கி, பம்ப் எல்லாவற்றுக்கும் அதே வயதுதான்.

ஆகவே "ஹீட் ஏறுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெரிசலில் ஊரும்போதா, வேகமாக ஓடும்போதா, ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்திலேயா என்று கவனியுங்கள். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

நடுவழியில் ஆவி கிளம்பிவிட்டால்

ஏசியை உடனே நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டு ஜன்னல்களை இறக்குங்கள். கொழும்பு வெயிலில் இது தண்டனைதான், ஆனால் ஹீட்டருக்குள்ளும் எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்ற்தான் ஓடுகிறது. அதனால் கொஞ்சச் சூடு அந்த வழியாக வெளியேறும். நிறுத்த இடம் கிடைத்ததும் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் "வீடு பக்கத்தில்தான்" என்று ஓட்டவே வேண்டாம்.

ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவு பேர் கையையும் முகத்தையும் சுட்டுக்கொள்கிறார்கள். ரேடியேற்றர் ஒரு பிறஷர் குக்கர் மாதிரி. ஜப்பானியக் கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும். அது எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் என்ற அளவு. 1.1 மூடி ஒழுங்காக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர் இருந்தாலும் 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், 100 பாகைக்கு மேல் இருந்த தண்ணீர் அத்தனையும் ஒரேயடியாகப் பொங்கி முகத்துக்கு வரும்.

அரை மணி நேரமாவது பொறுங்கள், முக்கால் மணி என்றால் இன்னும் நல்லது. துணியைப் பிடித்துக்கொண்டு மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். மெதுவாக அமுங்கினால், கை வைக்கிற சூட்டில் இருந்தால், தடித்த துணி போட்டு மூடியை முதல் பல்லு வரை திருப்பி அழுத்தத்தை விட்டு, பிறகு முழுதாகத் திறக்கலாம். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவோ, எஞ்சின் மேல் தண்ணீர் அடிக்கவோ கூடாது. உதவ வருகிற ஓட்டோ அண்ணா நல்ல மனதோடுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். நன்றி சொல்லி, வாளியை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எஞ்சினை அணைத்த பிறகும் மின்ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கலாம். பெற்றரி வயரைக் கழற்றாமல் விரலை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

நெரிசலில் ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது

கொழும்பின் தலையாய வருத்தம் இது. மாலையில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை காலி வீதியில் ஊரும்போது ஏறும். மரைன் டிரைவில் நாலு நிமிடம் தொடர்ந்து ஓடினால் இறங்கிவிடும். ஆமர் வீதியிலும் பேஸ்லைன் வீதியிலும் இதே கதைதான்.

கார் ஓடும்போது காற்று தானாக ரேடியேற்றருக்குள் போகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். ஓடினால் இறங்குகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் ஏறக்குறையச் சரி, காற்றில்தான் குறை. ரேடியேற்றரை மாற்ற அவசரப்படாதீர்கள்.

முதலில் எஞ்சின் ஓடும்போது ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசியோடு சேர்ந்து ஃபேனும் சுழல வேண்டும். அப்போதும் சுழலவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால், அதே பெட்டியில் ஃபேனின் ரிலேயும் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) அதே இலக்கமுள்ள வேறொரு ரிலேயும் இருக்கும். இரண்டையும் இடம்மாற்றிப் பாருங்கள். ஃபேன் சுழன்றால் ரிலேதான் பழுது, மலிவாக முடிந்துவிட்டது. அதுவும் இல்லை என்றால் ஃபேன் பிளக்கைக் கழற்றி மோட்டாருக்கு நேரே 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் அசையாவிட்டால் மோட்டார் போய்விட்டது.

ஏசி போட்டால் சுழல்கிறது, ஏசி இல்லாமல் எஞ்சின் எவ்வளவு சூடானாலும் சுழலவில்லை என்றால், மோட்டாரும் ரிலேயும் நல்லவை. வெப்ப உணரி, அல்லது பழைய கார் என்றால் ரேடியேற்றரில் பூட்டியிருக்கும் ஃபேன் சுவிட்ச், அங்கேதான் பிழை. பல கார்களில் ஃபேன் 93க்கும் 98க்கும் இடையில் எங்கோ தொடங்கும். காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவியைச் செருகிப் போனில் வெப்பத்தைப் பார்த்தால் எந்தப் பாகையில் தொடங்குகிறது என்று நேரடியாகத் தெரியும். ஆக்குவா, வகன் ஆர் மாதிரி முள்ளே இல்லாத, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ள கார்களுக்கு இந்தக் கருவி கட்டாயம் வேண்டும் என்பேன். சிவப்பு எரியும் வரை காத்திருப்பது மிகவும் பிந்திய எச்சரிக்கை.

ஃபேன் சுழல்கிறதுதான், ஆனால் சோர்வாகச் சுழல்கிறது என்பது அடுத்த நிலை. மோட்டாரின் காபன் பிரஷ் தேய்ந்தால் அப்படி வரும். ஒரு தாளை ரேடியேற்றரின் முன்பக்கம் பிடியுங்கள், கிறிலில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு இழுக்க வேண்டும். தாள் வெளியே தள்ளப்பட்டால் யாரோ மோட்டாரை மாற்றும்போது வயரை மாறிப் பூட்டியிருக்கிறார்கள், ஃபேன் பின்னோக்கி வீசுகிறது. நம்புங்கள், இது நடக்கிற விஷயம். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்து கழன்றிருந்தாலும் அதே இடத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

இனி ரேடியேற்றரின் முகம். கடலோரத்தில் நிறுத்துகிற கார்களை வடிவாகப் பாருங்கள். வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி, முகத்துவாரம் பக்கங்களில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். வெளியே பார்க்க ரேடியேற்றர் இருக்கும், விரலால் தொட்டால் தகடு பொடியாகக் கொட்டும். தகடு போனால் குழாய்க்குள் ஓடுகிற தண்ணீரின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்க ஆளில்லை. அந்த நிலையில் ரேடியேற்றரை மாற்றுவதுதான் வழி, கழுவிப் பயனில்லை.

ரேடியேற்றருக்கு முன்பக்கத்தில் ஏசி கண்டென்சர் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில் இலை, பூச்சி, பொலித்தீன், தூசி எல்லாம் சேர்ந்து மெத்தை போட்டிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, மேலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். களனி கங்கை பெருகிய காலத்தில் வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அந்த இடைவெளியில் காய்ந்த சேறு இருப்பது ஏறக்குறைய நிச்சயம். கழுவும்போது சேர்விஸ் நிலைய அழுத்தத் துப்பாக்கியைக் கிட்டே பிடிக்கவே கூடாது, தகடுகள் மடிந்து காற்றுவழி மூடிவிடும். சாதாரணக் குழாய் அழுத்தத்தில், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். அழகுக்காகப் பூட்டிய மேலதிக லைட், பெரிய ஹோர்ன் எல்லாம் கிறிலை மறைத்திருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஃபேனை டிரெக்ட் ஆக்குவது பற்றி: சாவி போட்டதிலிருந்து ஓயாமல் சுழலும்படி வயர் இழுத்துவிடுவார்கள். நடுவழியில் வீடு போய்ச் சேர நல்ல உபாயம். நிரந்தரத் தீர்வாக எனக்கு உடன்பாடில்லை. உண்மையான பிழை உள்ளே இருந்துகொண்டே இருக்கும், மோட்டார் வேகமாகத் தேயும், ஒருநாள் அது நின்றால் உங்களுக்குத் தெரியவே வராது.

ஹையேஸ், கரவான் மாதிரி வான்களில் ஃபேனை பெல்ற் சுழற்றும், நடுவில் சிலிக்கோன் ஒயில் நிறைந்த கிளச் இருக்கும். சூடான எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிடித்தபடி ஒரு சுற்றுக்குள் நிற்க வேண்டும். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கிளச் முடிந்துவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகுமுன் இதைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

நெரிசலில் சரி, வேகத்திலும் மேட்டிலும் ஏறுகிறது

இது முந்தியதற்கு நேர்மாறு. காற்று தாராளமாகக் கிடைக்கும்போது ஏறுகிறது என்றால் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை. அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது, அல்லது கண்டி வீதியில் கடுகண்ணாவை மேட்டில் ஆள்நிறைய ஏறும்போது எஞ்சின் உண்டாக்கும் சூடு பல மடங்கு. ஊருக்குள் அரைகுறையாகச் சமாளித்த ரேடியேற்றர் அங்கே தோற்றுவிடும்.

முதல் சந்தேகம் ரேடியேற்றரின் உள்ளடைப்பு. அதற்குக் காரணம் நாம் ஊற்றும் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். அங்கே கிணற்றுத் தண்ணீர் நல்ல கடினம், கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்க்குள்ளும் படியும். ஊருக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி வந்தால் சில வருடத்தில் குழாய்கள் பாதி மூடிவிடும். கொழும்புக் குழாய்நீர் அவ்வளவு கடினமில்லை, ஆனால் அதில் குளோரின் இருக்கிறது, துருத் தடுப்பு எதுவும் இல்லை. கடலோரக் கிணறு என்றால் உப்பு வேறு. குளோரைட்டு அலுமினியத்தைத் துளைத் துளையாக அரிக்கும்.

அடைப்பைக் கண்டுபிடிக்க, எஞ்சின் நன்றாகச் சூடான பின் அணைத்துவிட்டு, தொடாமல் வெப்பத்தை அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானியால் ரேடியேற்றரின் முகம் முழுக்க அளந்துகொண்டு போங்கள். தண்ணீர் நுழைகிற பக்கத்திலிருந்து வெளியேறுகிற பக்கத்துக்குச் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டமில்லை. பழைய செம்பு-பித்தளை ரேடியேற்றர் என்றால் தாங்கியைக் கழற்றிக் கம்பி விட்டுத் துப்புரவாக்கிப் பற்றவைக்கலாம். இப்போதைய அலுமினிய, பிளாஸ்டிக் தாங்கி ரேடியேற்றரில் அது சரிவராது, புதிதே நல்லது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்தது வாங்குவதென்றால் அங்கேயே காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்திக் காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தாங்கி மஞ்சளாகி வெளிறியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது கீழ் ஹோஸ். எஞ்சினை 3000 சுற்றில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பம்ப் இழுக்கிற இழுப்பில் பழைய ஹோஸ் ஒட்டிப்போகும். மெதுவாக ஓடும்போது விரிந்துகொள்வதால் கராஜில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. வோட்டர் பம்பின் இலைகள் அரித்துப்போனாலும், பெல்ற் தளர்ந்து வழுக்கினாலும் இதே அறிகுறிதான்.

மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ரேடியேற்றர் மூடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காத காரில் எஞ்சினின் சாதாரண வேலைச் சூடே கொதிநிலையைத் தொட்டுவிடும். கொழும்பில் ஒரு குறையும் சொல்லாத கார் றம்பொடை ஏற்றத்தில் பொங்குவதற்கு இது ஒரு காரணம். மூடி மலிவான சாமான். ரப்பர் வெடித்திருந்தால், ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதே அளவு மூடிதான் போட வேண்டும். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், பழைய ஹோஸும் தாங்கியும் அந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டுமே.

ஸ்டார்ட் பண்ணிச் சில நிமிடத்திலேயே ஏறுகிறது

மூன்று காரணங்கள்: தண்ணீர் குறைவு, உள்ளே காற்று அடைப்பு, அல்லது திறக்காத தெர்மோஸ்டற். முதலாவதைப் பார்த்துச் சரி செய்துவிட்டு, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் கொதிக்கிறது, ஆனால் இரண்டில் ஒன்று குளிர்ந்தே இருக்கிறது என்றால் தெர்மோஸ்டற் மூடியபடி இறுகியிருக்கிறது.

கழற்றினால் குப்பையில் போடுமுன் சோதியுங்கள். அதன் மேல் 82 அல்லது வேறொரு இலக்கம் பொறித்திருக்கும், திறக்கத் தொடங்கும் பாகை அதுதான். சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அந்தப் பாகைக்கு அண்மையில் அசையத் தொடங்கி, 95 அளவில் எட்டு, பத்து மில்லிமீற்றர் திறந்திருக்க வேண்டும். புதிதாக வாங்கியதையும் பூட்டுமுன் இப்படிப் பார்க்கலாம், போலிகள் நிறைய வருகின்றன.

"இது சூடான நாடு தம்பி, தெர்மோஸ்டற் எல்லாம் குளிர் நாட்டுக்காரருக்கு" என்று சொல்லிக் கழற்றிவிடுகிற கராஜ் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். டொயோட்டா உட்பட பல எஞ்சின்களில் தெர்மோஸ்டற்றின் அடியில் இன்னொரு சிறிய தட்டு உண்டு. சூடேறி மேல்பக்கம் திறக்கும்போது அது கீழே இறங்கி, ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுகிற குறுக்குவழியை மூடும். தெர்மோஸ்டற்றே இல்லையென்றால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் திரும்பி எஞ்சினுக்குள் போகும். மேட்டில் ஏறும்போது முன்னைவிட மோசமாக ஹீட் ஏறும். ஊருக்குள்ளோ எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெற்றோலைக் கூடக் குடிக்கும்.

இதோடு சேர்ந்ததுதான் சூடே ஏறாத கார். முள் கால்வாசியைத் தாண்டவில்லை, நீல விளக்கு நெடுநேரம் அணையவில்லை, ஸ்கானரில் பி0128 என்ற பிழைக்குறியீடு வருகிறது: தெர்மோஸ்டற் திறந்தபடி நின்றுவிட்டது, அல்லது யாரோ எடுத்துவிட்டார்கள். ஹைபிரிட் என்றால் எஞ்சின் சூடாகும் வரை அணையாது, எரிபொருள் மிச்சம் பிடிக்கவென்று வாங்கிய காரின் பயனே போய்விடும்.

தண்ணீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை

முதலில் ஒரு நிம்மதி. ஏசி போட்டு நிறுத்திய காரின் கீழே இடப்பக்கமோ நடுவிலோ சொட்டுகிற தெளிந்த தண்ணீர் கூலன்ற் அல்ல. கொழும்பின் ஈரக்காற்றில் ஏசி நிறையத் தண்ணீரை வடிக்கும். விரலில் தொட்டுப் பாருங்கள், நிறமும் வழுவழுப்பும் இருந்தால்தான் கூலன்ற்.

சொட்டாமல் குறையும் இடங்கள் பல. சூடான எஞ்சின் மேல் கசிந்தால் தரையில் விழுமுன் ஆவியாகிவிடும், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்த கோடு மட்டும் மிஞ்சும். ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தாங்கி அலுமினியத்தோடு சேர்கிற விளிம்பு, ஹோஸ் கிளிப்புகள், வோட்டர் பம்பின் கீழுள்ள சிறு துளை ஆகிய மூன்றையும் டோர்ச் அடித்துத் தேடுங்கள். பம்பின் துளையில் கசிந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பை மாற்ற வேண்டும். துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் பெயரிங்குக்குள் போகும். முன்பக்கக் கார்ப்பெற் ஈரமாகி, உள்ளே இனித்த வாடை வந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் படிந்தால் ஹீட்டர் கசிகிறது. ரீகண்டிஷன் ஜப்பான் கார்கள் எல்லாவற்றிலும் ஹீட்டர் உண்டு, நாம் பாவிப்பதில்லை என்பதால் அதை மறந்துவிடுகிறோம். கண்ணால் தேடிக் கிடைக்காவிட்டால் ரேடியேற்றர் வாயில் கைப்பம்ப் பூட்டிக் குளிர்ந்த எஞ்சினில் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

வெளியே எங்கும் இல்லை, அழுத்தமும் குறைகிறது என்றால் ஹெட் காஸ்கற்றை, அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டை, நினைக்க வேண்டியதுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் எஞ்சின் உதறும், சைலன்சரில் விடாமல் வெண்புகை இனித்த வாடையோடு வரும், ரிசேவ் தாங்கியில் குமிழி நிற்காமல் கிளம்பும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய உடனேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ஒயில் கம்பியிலும் ஒயில் மூடியிலும் பால்தேத்தண்ணி நிறத்தில் கூழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கூழ் இல்லை என்பதால் காஸ்கற் நல்லது என்று முடிவுகட்ட முடியாது, ஒயில் வழியைத் தொடாமல் சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் கிழிந்திருக்கலாம். உறுதியாகத் தெரிய ரேடியேற்றர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு வந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றுமுன் இதைச் செய்யாத கராஜில் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பின் லேத்தில் சமப்படுத்தாமல் புது காஸ்கற்றை மட்டும் போட்டு மூடவும் விடாதீர்கள்.

அடைப்பான் மருந்து ஊற்றுவது பற்றிக் கேட்பீர்கள். சிறு துளையை அடைக்கிற அதே பொருள் ஹீட்டரையும் ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாயையும் அடைக்கும். வவுனியாவில் நடுவழியில் நிற்கும்போது வேறு வழியில்லை என்றால் சரி. வீட்டில் நிற்கிற காருக்கு வேண்டாம்.

ரிசேவ் தாங்கி நிரம்புகிறது, ரேடியேற்றரில் குறைகிறது

சூடேறும்போது கூலன்ற் விரிந்து தாங்கிக்குப் போகும், ஆறும்போது மூடியிலுள்ள சிறு வால்வு திறந்து அதைத் திரும்ப இழுக்கும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டால் போனது திரும்பாது. காலையில் மேல் ஹோஸ் சப்பளிந்து கிடந்தால் இதுதான். மூடியை மாற்றுங்கள், தாங்கிக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரிசேவ் தாங்கி நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், மாதத்தில் ஒருநாள் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேற்றர் மூடியையும் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

முள் பொய் சொல்கிறதா?

ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போய் அடுத்த கணம் கீழே விழுகிற முள் பெரும்பாலும் உணரியின் வயர் அல்லது ஏர்த் பிழை. உண்மையான சூடு அப்படிக் குதிக்காது. ஸ்கானரில் பி0117, பி0118 என்று வந்தால் உணரி வட்டத்தைப் பாருங்கள்.

ஆபத்தானது எதிர்ப்பக்கம். ஹீட் ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்குகிறது, எஞ்சின் இழுவை குறைகிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது. தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது, உணரியைத் தொட ஒன்றுமில்லை என்பதால்தான் முள் இறங்கியது. "ஆறிவிட்டது" என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் அந்த ஓட்டத்திலேயே எஞ்சினை முடித்துவிடுகிறார்கள். உடனே நிறுத்துங்கள்.

கூலன்ற்றின் நிறம் மாறிவிட்டது

செங்கபிலம் என்றால் துரு, வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால் ஓட்டோமட்டிக் கியர் ஒயில் கலந்திருக்கிறது. பல கார்களில் கியர் ஒயிலை ஆற்றும் குழாய் ரேடியேற்றரின் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது, அது உள்ளே வெடித்தால் இரண்டும் கலக்கும். இந்தக் காரை ஸ்டார்ட்டே பண்ணாமல் இழுத்துக்கொண்டு போங்கள், கொஞ்சத் தூரம் ஓட்டினாலும் கியர்பெட்டி கெடலாம்.

எதை ஊற்றுவது, எப்படி ஊற்றுவது

நமக்குப் பனி இல்லை, ஆகவே கூலன்ற் எதற்கு என்று கேட்கிறார்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டும். அலுமினியம் அரிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், பம்பின் சீலைக் காப்பதும் நமக்கு வேண்டியவை. டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ற் பாதிக்குப் பாதி கலந்தே வருகிறது, அதில் தண்ணீர் சேர்க்கக்கூடாது. முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், பிறகு 80,000க்கு ஒரு தடவை. ஹொண்டாவுக்கு நீலம். நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காமல் காரின் கைநூலில் சொன்ன வகையை வாங்குங்கள், நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். செறிவான வகை வாங்கினால் காய்ச்சி வடித்த நீரில் கலவுங்கள். பெற்றரிக்கு விற்கும் தண்ணீர் என்று கேட்டு வாங்கும்போது போத்தலில் அசிட் என்று எழுதியிருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள்.

பழைய கூலன்ற்றை வடித்தால் திறந்த கானில் விடாதீர்கள். அது இனிக்கும், தெரு நாய் நக்கினால் இறந்துவிடும். குழந்தைக்கும் நஞ்சு.

நிரப்பும்போது காரின் மூக்கு உயரும்படி மேடான இடத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, மூடி திறந்தபடி குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கி, மெதுவாக ஊற்றிக்கொண்டு ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழிகள் நிற்கும் வரை, ஃபேன் இரண்டு தடவை சுழன்று நிற்கும் வரை விடக்கூடாது. இடையில் பொங்கி வரப் பார்த்தால் எஞ்சினை அணைத்து ஆறவிட்டுத் தொடருங்கள். எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கும் லைற்ஏஸ் மாதிரி வான்களில் ஹோஸ் நீளம், காற்று எளிதில் வெளியேறாது, பொறுமை வேண்டும். அடுத்த நாள் காலை ஆறிய பின் மறுபடி மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருப்பது வழக்கம்.

பிரியஸ், ஆக்குவா வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் கூலன்ற் வட்டம் இரண்டு. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது ஹைபிரிட் பெற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்கு. தனித்தனித் தாங்கி, தனித்தனிப் பம்ப். எஞ்சின் தாங்கி நிறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதை மறந்தால், ஒருநாள் நெரிசலில் பி0ஏ93 என்ற குறியீட்டோடு கார் இழுவையை விட்டுவிடும். சாவி போட்டு ரெடி வந்ததும் இன்வேட்டர் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே திரவம் அசைந்து ஓட வேண்டும். அசைவில்லை என்றால் அந்தப் பம்ப் நின்றுவிட்டது. ஆக்குவாவிலும் மூன்றாம் தலைமுறையிலிருந்து வந்த பிரியஸிலும் எஞ்சின் வோட்டர் பம்பும் மின்சாரத்தில் ஓடுவது, பெல்ற் கிடையாது. அதனால் இவற்றில் கூலன்ற் மாற்றிய பின் காற்றை வெளியேற்ற ஸ்கானரால் பம்பை ஓட்ட வேண்டும், அல்லது பராமரிப்பு நிலையில் எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிட வேண்டும். வேலை கொடுக்குமுன் கராஜில் அந்த ஸ்கானர் இருக்கிறதா என்று கேளுங்கள்.